புதிய தொழிலுக்கு மூலதனம்: யாருடைய பணம், யாருடைய கட்டுப்பாடு?

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வேலையில்லாத் திண்டாட்டம் குறித்து இளைஞர்கள் கேள்வி எழுப்பும்போதெல்லாம் ஆட்சியாளர்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது. வேலை தேடுகிறவர்களாக இராதீர்கள், வேலை கொடுக்கிறவர்களாக மாறுங்கள் என்பதே அது. 2015 ஏப்ரலில் முத்ரா கடன் திட்டம் தொடங்கப்பட்டபோதும், 2016 ஜனவரியில் ‘ஸ்டார்ட் அப் இந்தியா’ திட்டம் அறிவிக்கப்பட்டபோதும் இந்த முழக்கமே ஒலித்தது. வேலை கொடுக்கத் தொழில் வேண்டும்; தொழில் தொடங்க மூலதனம் வேண்டும். அந்த மூலதனம் எங்கிருந்து வருகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது என்ற கேள்விக்கு மட்டும் அந்த முழக்கத்தில் இடமில்லை.

இந்தக் கேள்வி தொழில் தொடங்க விரும்பும் ஒரு சில இளைஞர்களின் தனிப்பட்ட பிரச்சனை அன்று. சமூகம் முழுவதும் உழைத்து உருவாக்கிய உபரியை யார் கையாள்வது என்பதே இதன் உள்ளடக்கம். தனித்தனி முதலாளிகளின் சேமிப்பு பெருகும்வரை காத்திருந்திருந்தால் உலகம் இரயில் பாதையையே கண்டிருக்காது என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் சுட்டிக்காட்டினார். பலருடைய பணத்தை ஒன்றுதிரட்டிய கூட்டுப் பங்கு நிறுவனங்களே அதைச் சாத்தியமாக்கின. பெருந்தொழிலுக்கான மூலதனம் தொடக்கத்திலிருந்தே சமூகத்தின் பணமாகவே இருந்துவருகிறது. தனியாருடையதாக இருப்பது அதன் மீதான கட்டுப்பாடு மட்டுமே.

துணிகர முதலீடு செயல்படும் விதம்

இன்று ஊடகங்கள் பெரிதும் புகழ்வது துணிகர முதலீட்டு நிதியங்களை. ஏதேனும் ஒரு புத்தொழில் நிறுவனம் இத்தனை கோடி திரட்டியது, அதன் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடியாக உயர்ந்தது என்ற செய்தி வாரந்தோறும் வெளியாகிறது. இந்த நிதியங்களை நடத்துகிறவர்கள் போடும் பணத்தில் அவர்களுடைய சொந்தப் பணம் மிகச் சிறிய பகுதியே. ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அறக்கட்டளைகள், பெருஞ்செல்வந்தர்கள் ஆகியோரிடமிருந்து திரட்டிய பணத்தையே அவர்கள் முதலீடு செய்கின்றனர். ஆண்டுதோறும் சுமார் 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம், கிடைக்கும் இலாபத்தில் சுமார் 20 சதவீதம் பங்கு என்பது உலகெங்கும் அவர்கள் பின்பற்றும் வழக்கம்.

இத்தகைய நிதியத்தின் ஆயுட்காலம் பொதுவாகப் பத்து ஆண்டுகள். அதற்குள் பங்குகளை விற்றுப் பணத்தோடு வெளியேற வேண்டும். ஆகவே நிதானமாக வளர்ந்து, ஐம்பது பேருக்கு நிலையான வேலை தரும் தொழில் அவர்களுக்குத் தேவையில்லை. பத்து நிறுவனங்களில் ஏழெட்டு மூழ்கினாலும், எஞ்சிய ஒன்றிரண்டு பல மடங்கு பெருகினால் போதும் என்பதே அவர்களின் கணக்கு. மூழ்கும் நிறுவனங்களில் வேலை செய்தவர்களின் வாழ்வு அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை.

ஒப்பந்தங்களும் அதற்கேற்பவே எழுதப்படுகின்றன. நிறுவனம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ முதலீட்டாளர் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமைப் பங்குகள், இயக்குநர் குழுவில் இடம், முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமை ஆகியவை வழக்கமான நிபந்தனைகள். தொழிலைத் தொடங்கியவரே சில ஆண்டுகளில் வெளியேற்றப்படுவதும் உண்டு. சந்தையைப் பிடிக்க விலையைச் செயற்கையாகக் குறைப்பதும், சந்தை கைக்கு வந்தபின் விலையை உயர்த்தி உழைப்பவரின் பங்கைக் குறைப்பதும் இந்த வேகத்தின் விளைவே. உணவு விநியோகம் செய்யும் இளைஞர் தொழிலாளி எனப்படாமல் ‘பங்குதாரர்’ என அழைக்கப்படுவதன் பின்னணியும் இதுவே. அவரிடம் அந்த நிறுவனத்தின் ஒரு பங்குகூட இல்லை.

ஒன்றிய அரசின் பங்கு இங்கு கவனிக்கத்தக்கது. ‘ஸ்டார்ட் அப் இந்தியா’ திட்டத்தின்கீழ் 10,000 கோடி ரூபாய் நிதியம் ஒன்று அறிவிக்கப்பட்டு, சிட்பி எனப்படும் இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியின் பொறுப்பில் விடப்பட்டது. இந்தப் பணம் நேரடியாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம் செல்வதில்லை. செபியில் பதிவு செய்த தனியார் முதலீட்டு நிதியங்களிடம் தரப்படுகிறது. அவை தாம் விரும்பும் நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பணம் மக்களுடையது; எந்தத் தொழில் பிறக்க வேண்டும் என்ற முடிவு தனியாருடையது.

வளர்ச்சி வங்கிகளுக்கு நேர்ந்த கதி

இந்தியப் பெருமுதலாளிகள் சொந்த வலிமையால் வளர்ந்தவர்கள் என்ற கதைக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை. 1944ல் வெளியான பம்பாய்த் திட்டத்தில் அவர்களே அரசின் முதலீட்டைக் கோரினர். கனரகத் தொழிலுக்கு வேண்டிய பணத்தைத் திரட்டும் ஆற்றல் அவர்களிடம் அன்று இல்லை. 1948ல் இந்தியத் தொழில் நிதிக் கழகம், 1951ல் மாநில நிதிக் கழகங்களுக்கான சட்டம், 1956ல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், 1964ல் இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கி என அடுத்தடுத்துப் பொது நிதி நிறுவனங்கள் உருவாயின. நீண்டகாலக் கடனைக் குறைந்த வட்டியில் அளிப்பதே இவற்றின் பணி. ஆனால் அந்தக் கடனில் பெரும்பங்கு பெருங்குழுமங்களையே சென்றடைந்தது என்பதை 1969ல் சுபிமல் தத் தலைமையிலான தொழில் உரிமக் கொள்கை விசாரணைக் குழு எடுத்துக்காட்டியது.

அதே 1969ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. கிராமங்களில் கிளைகள் திறக்கப்பட்டன. முன்னுரிமைத் துறைக் கடன் என்ற கோட்பாடு வந்தது. சிறு விவசாயியும் சிறு பட்டறை நடத்துகிறவரும் முதன்முறையாக வங்கியின் வாசலை மிதித்தனர்.

1991க்குப் பின் நவதாராளமயக் கொள்கை இந்தக் கட்டமைப்பைப் படிப்படியாகக் கலைத்தது. ஐசிஐசிஐ 2002லும், தொழில் வளர்ச்சி வங்கி 2004லும் சாதாரண வணிக வங்கிகளாக மாறின. நீண்டகாலத் தொழிற்கடனுக்கென இருந்த வழி அடைபட்டது. மக்களின் வைப்புத் தொகையில் இயங்கும் வணிக வங்கிகள் பெருங்குழுமங்களின் மின் திட்டங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் கடன் அளிக்கத் தூண்டப்பட்டன. அதன் முடிவு அனைவரும் அறிந்ததே. 2014-15 முதல் 2023-24 வரையான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்று அரசு விளக்கம் தருகிறது. ஆனால் அவ்வாறு நீக்கப்பட்ட தொகையில் திரும்ப வந்தது சிறு பகுதியே.

மறுபுறம் உழைக்கும் மக்களுக்கு முத்ரா கடன். பிணை இல்லாமல் கிடைப்பது அதன் நல்ல அம்சம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வழங்கப்பட்ட கடன்களில், எண்ணிக்கை அடிப்படையில் மிகப் பெரும்பான்மை, 50,000 ரூபாய்க்கு உட்பட்ட ‘சிசு’ வகையைச் சேர்ந்தவை. அந்தத் தொகையில் ஒரு தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கலாம். இன்னொருவருக்கு வேலை கொடுக்க முடியாது. இந்தக் கடனின் ஒரு பகுதி நுண்கடன் நிறுவனங்கள் வழியாகவும் செல்கிறது. அந்நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் ரிசர்வ் வங்கி 2022ல் நீக்கிவிட்டது.

பெருங்குழுமத்துக்குப் பொதுப்பணம், சிறு முனைவோருக்குச் சிறுகடன் என்ற இந்த ஏற்பாட்டுக்கு வெளியே வழி உண்டா? தொழிலாளர் தாமே மூலதனம் திரட்ட முடியுமா? இதற்கு விடை தரும் அனுபவங்கள் இந்த நாட்டிலேயே இருக்கின்றன. வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரண்டையும் கற்க வேண்டும்.

கண்ணூரின் அனுபவம்

பீடித் தொழிலாளரின் பணி நிலைமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் 1966ல் நிறைவேற்றியது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநில அரசுகளுடையது. தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அரசு 1968ல் அதைச் செயல்படுத்த முன்வந்தது. வடகேரளத்தில் தொழில் நடத்திவந்த மங்களூர்ப் பெருமுதலாளிகள் உடனடியாகத் தம் பட்டறைகளை மூடினர். சட்டம் நடைமுறைக்கு வராத கர்நாடகப் பகுதிகளுக்கு வேலையை மாற்றினர். ஒரே அடியில் சுமார் 12,000 தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சட்டப்படியான கூலி கேட்டால் மூலதனம் எல்லை தாண்டிப் போய்விடும் என்ற மிரட்டல் அன்று மெய்யாகவே நிறைவேற்றப்பட்டது.

அதற்குத் தொழிலாளர் அளித்த பதில் 1969 பிப்ரவரியில் உருவான கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம். 20 தொடக்கச் சங்கங்களும் கண்ணூரில் ஒரு மத்தியச் சங்கமும் அமைந்தன. முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 3,000 பேர். வேலையிழந்து, அடுத்த வேளை உணவுக்கு வழியற்று இருந்தவர்களிடம் பங்குத்தொகை கேட்பது எப்படி? பங்கில் ஒரு சிறு தொகையைத் தொழிலாளி செலுத்தினார். எஞ்சியதை மாநில அரசு கடனாக அளித்து, பின்னர் கூலியிலிருந்து சிறு தவணைகளில் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தது. அரசு தன் சார்பிலும் பங்கு மூலதனம் அளித்தது. நடைமுறை மூலதனத்துக்குக் கடனும் தந்தது. எவருடைய தயவையும் நாடாமல் ஒவ்வொரு தொழிலாளியும் உரிமையாளராக முடிந்தது.

இங்கு ஒரு நுட்பத்தைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பீடி சுற்ற இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு கத்தரிக்கோல், ஒரு முறம், தேர்ந்த விரல்கள் போதும். அப்படியானால் முதலாளியின் பலம் எதில் இருந்தது? பீடி இலை மத்திய இந்தியக் காடுகளில் கோடையின் சில வாரங்களில் மட்டுமே பறிக்கப்படுகிறது. ஏலத்தில் மொத்தமாக வாங்கி, மாதக்கணக்கில் இருப்பு வைக்க வேண்டும். குஜராத்திலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணியிலிருந்தும் வரும் புகையிலையும் அவ்வாறே. இலை வாங்கும் நாளுக்கும் பீடி விற்றுக் காசு வரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள். அந்தக் காலம் முழுவதும் பணத்தை முடக்கி வைக்க யாரால் முடிகிறதோ அவரே முதலாளி. தொழிலாளியிடம் திறமை இருந்தது. காத்திருக்கும் வசதி இல்லை.

தினேஷ் பீடியின் அமைப்பு சரியாக இந்த இடத்தைத் தாக்கியது. கச்சாப் பொருளை மொத்தமாக வாங்குவதும், விற்பனை செய்வதும், அதற்கான கடனைத் திரட்டுவதும் மத்தியச் சங்கத்தின் பணி. பீடி சுற்றுவது தொடக்கச் சங்கங்களின் பணி. தனித்தனிச் சங்கங்கள் தாமே இலை வாங்கப் புறப்பட்டிருந்தால் வியாபாரிகள் ஓராண்டில் அவற்றை விழுங்கியிருப்பார்கள்.

சந்தையும் தானாக வந்துவிடவில்லை. முதலாளிகளின் பெயர்பெற்ற பீடிகளுக்கு எதிரே புதிய பீடியை விற்க வேண்டியிருந்தது. தொழிற்சங்கங்களும் விவசாயிகள் அமைப்புகளும் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றன. பட்டறையில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றியபடியே கேட்கும் மரபு கண்ணூர் பீடித் தொழிலாளருக்கு உண்டு. அந்த அரசியல் உணர்வே தரத்தைக் காக்கும் கட்டுப்பாடாகவும் மாறியது. ஜி.கே. பணிக்கரின் தலைமையில் சங்கம் வளர்ந்தது. 1980களில் உறுப்பினர் எண்ணிக்கை 40,000ஐத் தாண்டியது. சட்டப்படியான கூலி, போனஸ், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மகப்பேறு உதவி ஆகியவற்றைத் தனியார் முதலாளிகள் ஏட்டில் மட்டும் வைத்திருந்த காலத்தில் இந்தச் சங்கம் வழங்கியது.

அடுத்த சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. புகையிலை புகைப்பவரையும் கெடுக்கிறது. நாள் முழுவதும் அதன் தூசியில் அமர்ந்து சுற்றுகிறவரையும் கெடுக்கிறது. புகைப்பழக்கம் குறைவது சமூகத்துக்கு நல்லது. ஆனால் அதனால் வேலையிழப்பவருக்கு மாற்று வேண்டும். 1990களின் இறுதியிலிருந்து சங்கம் உணவுப்பொருள், குடை, ஆடை, தகவல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் இறங்கியது. பீடியில் வேலை செய்த அனைவருக்கும் அவற்றில் இடம் கிடைத்துவிடவில்லை. ஆயினும் தனியார் முதலாளி கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கும் இடத்தில், இந்தச் சங்கம் சேர்த்துவைத்த பலத்தைக் கொண்டு தன் உறுப்பினருக்காகப் புதிய தொழில் தேடியது.

கமானி ஆலை கற்பித்தது

மும்பை குர்லாவில் இருந்த கமானி குழாய் ஆலை 1985ல் மூடப்பட்டது. நிர்வாகத் தகராறுகளாலும் கடனாலும் சீர்குலைந்த அந்த ஆலையைத் தாமே ஏற்று நடத்தத் தொழிலாளர் சங்கம் முன்வந்தது. 1988ல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு தொழிலாளர் கூட்டுறவு அதை ஏற்றுக்கொண்டது. தொழிலாளர் தம் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்துப் பங்கு வாங்கினர். முதல் சில ஆண்டுகள் ஆலை நன்றாகவே ஓடியது. பின்னர் தள்ளாடி, 1990களின் நடுப்பகுதியில் வீழ்ந்தது.

உள்முரண்பாடுகளும் நிர்வாகக் கோளாறுகளும் காரணங்களில் அடங்கும். அவற்றை மறைப்பதில் பயனில்லை. ஆனால் செம்பு, பித்தளை போன்ற விலையுயர்ந்த உலோகத்தை வாங்கிக் குழாயாக்கி விற்கும் தொழிலுக்கு நடைமுறை மூலதனம் தொடர்ந்து தேவை. அந்தக் கடன் வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை. கண்ணூரில் இலை வாங்கும் பணத்துக்கு மாநில அரசு துணை நின்றது. கமானிக்கு அத்தகைய துணை நீடிக்கவில்லை. கதவைத் திறக்கும் பணம் மட்டும் போதாது, கதவைத் திறந்து வைத்திருக்கும் பணமும் வேண்டும் என்பதை அந்த ஆலையின் தொழிலாளர் தம் ஓய்வுக்காலச் சேமிப்பை இழந்து கற்றனர். மூடிய ஆலையைத் தொழிலாளரிடம் ஒப்படைக்கக் கோரும் எந்தப் போராட்டமும் இந்த விலையை மறக்கக் கூடாது.

ஊராளுங்கல் காட்டும் பொறுமை

மூன்றாவது அனுபவம் வடகேரளத்தின் வடகரை அருகே உள்ள ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்து சாதிக் கொடுமையை எதிர்த்தவர்களுக்கு நிலவுடைமையாளர்கள் வேலை மறுத்தனர். அவர்களில் 14 பேர் 1925ல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினர். தொடக்க மூலதனம் ஆறணா, அதாவது இன்றைய கணக்கில் 37 காசு. சிறு கல்வேலை, மண்வேலை, சாலைப் பணி எனத் தொடங்கிய சங்கம் இன்று பாலங்களும் நெடுஞ்சாலைகளும் கட்டுகிறது. 2016ல் கோழிக்கோட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவையும் திறந்தது. பல்லாயிரம் தொழிலாளர் அதில் வேலை செய்கின்றனர்.

ஆறணா எவ்வாறு இந்த அளவுக்கு வளர்ந்தது? உபரியைப் பங்கிட்டு முடித்துவிடாமல் சங்கத்திலேயே நிறுத்தினர். அதைக்கொண்டு சொந்த இயந்திரங்கள் வாங்கினர். பணியைக் குறித்த காலத்தில், குறைவற்ற தரத்தில் முடித்ததால் கூட்டுறவு வங்கிகளின் கடனும் ஊர்மக்களின் வைப்புத் தொகையும் தேடி வந்தன. அரசுப் பணிகளில் தொழிலாளர் கூட்டுறவுகளுக்குக் கேரளம் அளித்த முன்னுரிமை உதவியது. இயக்குநர்கள் தொழிலாளருக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். துணிகர முதலீட்டாளர் பத்து ஆண்டில் வெளியேறிவிடுவார். இந்தச் சங்கம் நூறாண்டைக் கண்டிருக்கிறது.

கற்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

கூட்டுறவில் ஒருவருக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஒரே வாக்கு. பங்கைச் சந்தையில் விற்க முடியாது. ஆகவே வெளியிலிருந்து பங்கு மூலதனம் திரட்டுவது அதற்கு இயல்பாகவே கடினம். இதைக் குறையாகக் காட்டி, கூட்டுறவுகளின் பங்குகளைத் தனியாருக்குத் திறந்துவிட வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவ்வாறு திறந்துவிட்டால் பணம் வரும், கட்டுப்பாடு போய்விடும். மாற்று வழி பொதுக் கடன். தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமைத் துறைக் கடனில் தனி ஒதுக்கீடு, அவற்றின் நடைமுறை மூலதனத்துக்கு அரசு உத்தரவாதம், நீண்டகாலத் தொழிற்கடனுக்கான பொது வளர்ச்சி வங்கிகளை மீட்டமைத்தல், அரசுக் கொள்முதலில் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை ஆகியவை கோரிக்கைகளாக எழ வேண்டும். புத்தொழில் நிதியத்தின் பணம் தனியார் நிதியங்களுக்கு மட்டும் ஏன், பத்து இளம் பொறியாளர்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டுறவுக்கு ஏன் இல்லை என்ற கேள்வியைக் கல்லூரி வாயில்களில் எழுப்ப வேண்டும்.

2021ல் ஒன்றிய அரசு கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் அமைத்தது. அரசமைப்புச் சட்டப்படி மாநிலத்துக்குள் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கண்ணூரின் கதையே ஒரு மாநில அரசு தன் அதிகாரத்தைத் தொழிலாளர் பக்கம் நின்று பயன்படுத்தியதன் கதை. அந்த அதிகாரம் பறிபோனால் அடுத்த கண்ணூருக்கு இடமிருக்காது.

கட்சி உறுப்பினருக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. கூட்டுறவின் முதன்மையான மூலதனம் மக்களின் நம்பிக்கை. ஒரு கடன் சங்கத்தில் முறைகேடு நடந்தால், ஓய்வூதியத்தையும் மகளின் திருமணத்துக்கான சேமிப்பையும் அங்கே வைத்தவர் தெருவில் நிற்கிறார். அவர் தொழிலாளி. அவர் கேட்கும் கேள்விக்குக் கடந்தகாலத் தியாகங்களைப் பட்டியலிடுவது பதிலாகாது. கணக்கு திறந்திருக்க வேண்டும். தணிக்கை உரிய காலத்தில் நடக்க வேண்டும். உறவினருக்கும் வேண்டியவருக்கும் கடன் அளிப்பது முதல் நாளிலேயே தடுக்கப்பட வேண்டும். பொறுப்பில் இருப்பவர் தோழர் என்பதால் கண்காணிப்பைத் தளர்த்துவது அந்தத் தோழருக்கும் நல்லதன்று.

இறுதியாக ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். 1864ல் முதலாம் அகிலத்தின் தொடக்க உரையில் மார்க்ஸ் கூட்டுறவு ஆலைகளைப் பெரும் வெற்றியாக வரவேற்றார். முதலாளி இல்லாமலேயே பெருவீத உற்பத்தியை நடத்த முடியும் என்பதை அவை செயலால் மெய்ப்பித்தன என்றார். அரசியல் அதிகாரத்தைத் தொழிலாளி வர்க்கம் வெல்லாதவரை அவை ஏகபோகத்தின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்திவிட முடியாது என்று அதே உரையில் எச்சரிக்கவும் செய்தார். கூட்டுறவு அமைத்தால் போதும் என்று கருதுவதும், அதிகாரம் வரும்வரை எதுவும் செய்ய இயலாது என்று கருதுவதும் இரண்டும் தவறு. 1969ல் கண்ணூரில் கத்தரிக்கோலோடு நின்ற தொழிலாளர் போராட்டத்தையும் கூட்டுறவையும் ஒன்றாகவே எடுத்துச்சென்றனர். இன்று வேலையின்றி நிற்கும் இளைஞரிடம் செல்லும் தோழர்கள் அந்த இரண்டையும் சேர்த்தே எடுத்துச்செல்ல வேண்டும்.